சீட்டைத் தொலைத்தவன்

ஜாலான் ஈப்போவில் ஒரு பேரங்காடி.
அதற்குக் கீழே நான்கு தளம்.
நான்காவதற்கு மட்டும் தனி வாயில்,
அந்த வாயிலில் என் கண்ணாடிக் கூண்டு.
உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும்,
எழுந்தால் தலை காற்றாடியில்.
ஏழு வருஷமாகப்
பாதி எழுந்தவளாகவே இருக்கிறேன்.

இங்கே மழை தெரியாது.
இறங்கி வரும் வண்டிகளின் முதுகு நனைந்திருந்தால்
மேலே மழை.

ரசீதுத் தாளின் பின்பக்கம் கதை எழுதுகிறேன்.
அகலம் மூன்று விரல்.
அதனால் என் வாக்கியங்கள்
சுவரில் முட்டி
முட்டித் திரும்பும்.

கதையில் ஒருவன். பெயர் வைக்கவில்லை.
வண்டியை நிறுத்திவிட்டு மேலே போய்
தலைவலி மாத்திரை வாங்கி வருகிறான்.
சீட்டைக் காணோம்.
சட்டைப் பை, காற்சட்டைப் பை, இருக்கைக்கு அடியில்,
மறுபடியும் சட்டைப் பை.
அவ்வளவுதான் கதை. பதினொரு சுருள் ஆகிவிட்டது.
அவன் இன்னும் வெளியே வரவில்லை.

ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் போனில் கேட்டார்:
"ஏம்மா, சீட்டுத் தொலைஞ்சா அபராதம் எவ்வளவு?"
"இருபது வெள்ளி, சார்."
"கட்டிட்டுப் போக வேண்டியதுதானே அந்த ஆளு?"
ஒரு வேன் ஹார்ன் அடித்தது.
நல்லவேளை,
கம்பத்தைத் தூக்கப் போய்விட்டேன்.

டி பதினேழாம் தூணருகே
சாம்பல் நிறச் சாகா ஒன்று நிற்பதை
காவலுக்கிருக்கும் தில் பகதூர்தான் முதலில் சொன்னான்.
உள்ளே ஆள்.
காலை எட்டுக்கு அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டி
ஸ்டியரிங்கின் முன்னால் நிமிர்ந்து உட்காருவாராம்.
ஐந்தரைக்குக் கழற்றுவாராம்.
மதியம் ஒரு மணி நேரம்
பின் இருக்கைக்கு மாறிக்கொள்வாராம்.

இந்தத் தளத்தில் போன் எடுக்கும் ஒரே இடம்
என் கூண்டுக்குப் பின்புறச் சந்து.
அங்கே வந்து நின்றார் ஒரு நாள்.
அட்டையைப் படித்தேன்: தவநேசன், கணக்குப் பிரிவு.
"ஜொகூர்லதான் இருக்கேன். ஆடிட் முடியல.
இங்க நல்ல மழை" என்றார்.
அன்று வந்த வண்டிகள் எல்லாம்
அடுப்பிலிருந்து இறக்கியவை போல் இருந்தன.
போனை அணைத்த பிறகும்
நனையாத சட்டையை
இரண்டு தடவை உதறினார்.

மூன்று நாளுக்கு மேல் நிற்கும் வண்டியைப் பற்றி
நான் எழுதிக் கொடுக்க வேண்டும்,
சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவார்கள்.
எழுதவில்லை.
இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.
உண்மையில், பன்னிரண்டாம் சுருளுக்கு
அவர் எனக்குத் தேவைப்பட்டார்.

அடுத்த மாதம் கேமரா வருகிறது என்றார் மிஸ்டர் சியூ.
எண் பலகையைப் பார்த்துக் கம்பம் தானே தூக்கும்.
சீட்டு இல்லை, கூண்டு இல்லை.
இனி யாரும் எதையும் தொலைக்க முடியாது.
"நல்லதுதானே, லோகேஸ்வரி?"
நல்லதுதான் என்று
உட்காரவும் முடியாமல் சொன்னேன்.

அன்றிரவு ஒன்பதரைக்கு
புதுச் சீட்டு ஒன்றை அடித்து எடுத்துக்கொண்டு
டி பதினேழுக்கு நடந்தேன்.
கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.
உள்ளே ஷேவிங் கிரீம் வாசம்,
ஹாங்கரில் தேய்த்த சட்டை.
"இப்பதான் உள்ள வந்த மாதிரி சீட்டு, சார்.
ஒரு காசு கட்ட வேணாம்."
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறுமையாக இருந்ததில்
எனக்கு வெட்கமாக இருந்தது.
"எவ்வளவு நேரம் செல்லும்?"
"பதினைஞ்சு நிமிஷம்."
பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்து
பித்தானைப் போட்டுக்கொண்டார்.
மேலேயிருந்து
தொட்டுப் பார்த்தும் கொண்டார்.

கம்பத்தைத் தூக்கியபடி நிற்கிறேன்.
தூணுக்குப் பின்னால்
ஒரு தரம் இன்ஜின் இருமியது.
அல்லது காற்றாடி.

எதிர் வழியில் ஒரு வண்டி இறங்கி வருகிறது,
முதுகெல்லாம் ஈரம்.
பதினொன்று. பன்னிரண்டு.
போய்ச் சொல்ல வேண்டும் அவரிடம்,
மழை வந்துவிட்டதென்று.
கூண்டின் கதவு உள்பக்கம்தான் திறக்கும்.
அதற்கு நான்
முதலில் உட்கார வேண்டும்.